யாருக்குத் தெரியாத எண்?

(பயிலரங்கு ஒன்றில் மாணவர்களிடமும் இயக்கத் தோழர்களிடமும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலிருந்து வரலாறு, நிலம், சட்டம் என்று பேசியிருக்கிறோம். சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு என்று அறிவித்ததும் பின்வரிசையில் நாலைந்து பேர் மெதுவா எழுந்து டீக்கடைப் பக்கம் போனதைப் பார்த்தேன். அவங்க மேல எனக்கு வருத்தம் இல்லை. பள்ளிக்கூடத்தில் நம்ம பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, "உனக்கெல்லாம் கணக்கு எங்க வரப்போவுது" என்று சொல்லிச் சொல்லியே கணக்கை நம்மிடமிருந்து பிடுங்கியிருக்கிறார்கள். கிணற்றில் தண்ணி எடுக்கக் கூடாது, கோயிலுக்குள் வரக் கூடாது என்பதுபோல வெளியே தெரிகிற தடை இல்லை இது. நாமே "நமக்கு வராது" என்று ஒதுங்கிக்கொள்கிற தடை.

ஒன்றை நினைவில் வையுங்கள். அண்ணல் அம்பேத்கர் முதலில் பொருளாதார அறிஞர். ரூபாயின் சிக்கல் பற்றிய அவரது நூல் 1923இல் வந்தது. மாகாண அரசுகளின் நிதி எப்படி வளர்ந்தது என்ற ஆய்வு 1925இல் வந்தது. வருவாய் எவ்வளவு, செலவு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கைப் பிரித்துப் படித்தவர்தான் நமக்குப் பங்கு கேட்டவர். ஆகவே கணக்கு நமக்கு அந்நியம் இல்லை.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது எட்டாம் வகுப்புக் கணக்குதான். சதவீதம் தெரியும், கைக்கு வந்த தொகை தெரியும், முழுத்தொகை தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது எப்படி? இவ்வளவுதான். இதற்கு ஏன் ஒரு பயிலரங்கில் ஒரு மணி நேரம் என்று கேட்பீர்கள். என் கதையைச் சொல்கிறேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு. அம்மா கரும்பு வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு செட்டில் இருபத்து நான்கு பேர். கூட்டிக்கொண்டு போகிற மேஸ்திரி வேற்றாள் இல்லை. நம்ம காலனியில் இரண்டு தெரு தள்ளி இருந்தவர்தான். ஒவ்வொரு பட்டுவாடாவிலும் நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொண்டுதான் கூலி கொடுப்பார். "நடுவுல யாரும் வுட்டுட்டு ஓடக் கூடாதில்ல? வெட்டு முடிஞ்சதும் புடிச்ச பணத்தை மொத்தமா குடுத்துடுவேன்" என்பது ஏற்பாடு. ஜனங்களும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வது?

வெட்டு முடிந்தது. கணக்குத் தீர்க்கிற நாள். வேப்ப மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவரவர் கையில் வாங்கின கூலியை அவரவர் மனசிலே வைத்திருக்கிறார்கள். சிலர் வீட்டுச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதில் தப்பே வராது. எங்க அம்மா அந்த வெட்டு முழுக்கக் கையில் வாங்கியது 1,620 ரூபாய். மேஸ்திரி என்னைப் பார்த்தார். "நம்ம தம்பி படிக்குதே, அதுவே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். வாங்கினதைச் சொல்லுங்க, அதுக்குப் பத்து பர்சண்டு எவ்வளவுன்னு தம்பி சொல்லும், அந்தப் பணத்தை நான் எண்ணி வெச்சுடறேன்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தேன். 1,620க்குப் பத்து சதவீதம், 162. அடுத்த ஆளுக்கு 1,400, பத்து சதவீதம் 140. இப்படியே இருபத்து நான்கு பேருக்கும் சொன்னேன். மொத்தம் அவர்கள் கையில் வாங்கியது 36,000. நான் சொன்ன கணக்குப்படி மேஸ்திரி திருப்பிக் கொடுத்தது 3,600. ஒருத்தர்கூட மறுபேச்சுப் பேசவில்லை. "ராசாத்தி மவன் கலெக்டரு ஆயிடுவான்" என்று ஒரு பாட்டி என் கன்னத்தைத் தடவியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் 162 ரூபாயை முடிந்துகொண்டு என் தலையில் கையை வைத்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நான் போட்ட கணக்கு சரியா?

(கூட்டத்தில் ஒருவர்: "சரிதானே, 1,620க்கு பத்து பர்சண்டு 162தான?")

பெருக்கல் சரி தோழர். 1,620க்குப் பத்து சதவீதம் 162தான். ஆனால் மேஸ்திரி பிடித்தது 1,620இல் பத்து சதவீதம் இல்லையே! 1,620 என்பது பிடித்தது போக மிச்சம். அவர் பிடித்தது முழுக்கூலியில். முழுக்கூலி எவ்வளவு? அது நமக்குத் தெரியாது. அதைத்தான் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

கண்டுபிடிக்க இயற்கணிதம் தேவையில்லை. பங்கு வைக்கத் தெரிந்தால் போதும். முழுக்கூலியை நூறு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். பத்துப் பங்கை மேஸ்திரி எடுத்துக்கொண்டார். கைக்கு வந்தது தொண்ணூறு பங்கு. அந்தத் தொண்ணூறு பங்குதான் 1,620 ரூபாய். ஒரு பங்கு எவ்வளவு? 1,620ஐத் தொண்ணூறால் வகுத்தால் 18 ரூபாய். நூறு பங்கு 1,800 ரூபாய். அதுதான் அம்மா வெட்டிய கரும்புக்கு முழுக்கூலி. அதில் பத்துப் பங்கு 180 ரூபாய். அம்மாவுக்கு வர வேண்டியது 180. நான் சொன்னது 162. பதினெட்டு ரூபாய் போச்சு.

மொத்த செட்டுக்கும் பாருங்கள். 36,000ஐத் தொண்ணூறால் வகுத்தால் 400. நூறு பங்கு 40,000. பிடித்த பணம் 4,000. மேஸ்திரி கொடுத்தது 3,600. நானூறு ரூபாய். படித்த பிள்ளை ஒருத்தன் பேனா பிடித்து, இருபத்து நான்கு பேர் கூலியிலிருந்து நானூறு ரூபாயை எடுத்துக் கொடுத்திருக்கிறான். மேஸ்திரி திருடவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

இதை நான் புரிந்துகொண்டது பத்தாம் வகுப்பில். ஒரு நாள் பாடத்தில் இந்த மாதிரி ஒரு கணக்கு வந்தது. "தள்ளுபடி போக விலை இவ்வளவு, குறித்த விலை என்ன?" என்று. போட்டு முடித்ததும் வேப்ப மரம் கண்ணில் வந்து நின்றது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாடப்புத்தகம் இதைத் "தெரியாத எண்" என்று சொல்கிறது. எக்ஸ் என்று வைத்துக்கொள் என்கிறது. நான் கேட்கிறேன், யாருக்குத் தெரியாத எண்? எங்க அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும். எத்தனை டன், டன்னுக்கு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று எல்லாம் எழுதின நோட்டு அவர் மடியில் இருந்தது. அவர் அதைத் திறக்கவே இல்லை. யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை. திறந்திருந்தால் கணக்கே போட வேண்டியதில்லை, பார்த்துப் படித்திருக்கலாம். அவர் தெரிந்து செய்தாரா, அவருக்கும் இந்தக் கணக்கு புரியாமல்தான் இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் நோட்டு யாரிடம் இருந்ததோ அவர் பக்கம்தான் நானூறு ரூபாய் போய்ச் சேர்ந்தது.

இந்த இரண்டு விஷயத்தை மட்டும் இன்றைக்கு நீங்கள் எடுத்துக்கொண்டு போனால் போதும். யாராவது "இத்தனை சதவீதம்" என்று சொன்னால் "எதில்?" என்று கேளுங்கள். முழுத்தொகையைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த பிறகு, "நோட்டைக் காட்டு" என்று கேளுங்கள்.

குறைத்தது போலவே கூட்டியதற்கும் இதே முறைதான். நம்ம இயக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். தெருமுனைக் கூட்டத்துக்கென்று ஒலிபெருக்கி ஒன்று வாங்கினோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 5,900 ரூபாய். பொருளாளர் தோழர் கணக்கில் "வரி 1,062, சரக்கு 4,838" என்று எழுதியிருந்தார். 5,900இல் 18 சதவீதம் எடுத்துவிட்டார். வரி போட்டது 5,900 மேல் இல்லை. சரக்கு விலை மேல். சரக்கு நூறு பங்கு, வரி பதினெட்டுப் பங்கு, சேர்ந்து 118 பங்கு 5,900 ரூபாய். ஒரு பங்கு 50. சரக்கு 5,000, வரி 900. பிடித்தம் என்றால் மிச்சம் நூற்றுக்குக் கீழே. சேர்மானம் என்றால் நூற்றுக்கு மேலே. கையிலிருக்கும் தொகை எத்தனை பங்கு என்று முதலில் சொல்லிவிட்டால் மீதி தானாக வரும்.

சரிபார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கண்டுபிடித்த முழுத்தொகையிலிருந்து திரும்ப நடந்து பாருங்கள். 1,800இல் பத்து சதவீதம் 180, போக மிச்சம் 1,620. கைக்கு வந்த தொகை வந்துவிட்டது, கணக்கு சரி. என் பழைய கணக்கை இப்படி நடந்து பார்த்திருந்தால்? 1,620ம் 162ம் சேர்ந்தால் 1,782. அதில் பத்து சதவீதம் 178 ரூபாய் 20 காசு. போக மிச்சம் 1,603 ரூபாய் 80 காசு. 1,620 வரவில்லை. அங்கேயே பிடிபட்டிருக்கும்.

இப்போது வட்டிக்கு வாங்க. நம்ம காலனிகளில் வட்டி பாதிக்காத வீடு இருக்கா? "பத்து வட்டி, முன்னாலயே புடிச்சிக்குவேன்" என்கிறான். 10,000க்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு 9,000 கையில் கொடுக்கிறான். இது பத்து வட்டி இல்லை. நீங்கள் வாங்கினது 9,000. அதற்கு வட்டி 1,000. கணக்குப் போட்டால் நூற்றுக்குப் பதினொன்று சொச்சம். இன்னொன்று. மகள் கல்லூரிக்கு 9,000 கட்டாயம் வேண்டும் என்று போகிற ஒரு அக்கா, பத்து சதவீதம் பிடிப்பான் என்று யோசித்து, 9,000த்தோடு 900 சேர்த்து 9,900க்கு எழுதிக் கொடுக்கிறார். அவன் 990 பிடித்துக்கொண்டு 8,910 தருகிறான். தொண்ணூறு ரூபாய் குறைகிறது. அந்தத் தொண்ணூறுக்கு இன்னொரு கதவைத் தட்டணும்.

தண்டல் இதைவிட மோசம். 8,500 கையில் கொடுத்து, நாளைக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் வாங்குகிறான். "பதினஞ்சு பர்சண்டுதான்" என்கிறான். 1,500ஐ 8,500ஆல் வகுத்துப் பாருங்கள், பதினேழரைக்கும் மேல். அதுவும் வருஷத்துக்கு இல்லை, நூறு நாளைக்கு. முதல் நாளிலிருந்தே நாம் பணத்தைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறோம். அந்த 8,500 முழுசாக ஒரு நாள்கூட நம்மிடம் நிற்பதில்லை. ஆகவே உண்மை வட்டி இதற்கும் மேலே. தமிழ்நாட்டில் 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. காவல் நிலையத்துக்குப் போகும்போது "அதிக வட்டி வாங்கினான்" என்று அழுதுகொண்டு போகாதீர்கள். கையில் வாங்கினது எவ்வளவு, கட்டினது எவ்வளவு, எத்தனை நாளில், ஆகவே எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்தது மாணவர்களுக்கு. உயர்கல்வி உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 60, மாநில அரசின் பங்கு 40 என்று 2020 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். ஒரு மாணவியின் வங்கிக் கணக்கில் மத்திய அரசின் பங்காக 13,500 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி நாற்பது சதவீதம் எவ்வளவு? 13,500க்கு நாற்பது சதவீதம் போட்டு 5,400 என்று சொல்கிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அறுபது பங்கு 13,500. ஒரு பங்கு 225. முழுத்தொகை 22,500. மீதி நாற்பது பங்கு 9,000. அலுவலகத்தில் 5,400 என்று சொன்னால் நம்பி வந்துவிடுவீர்கள், இல்லையா? 3,600 ரூபாய் நின்றுபோகும். ஒரு பருவத்துத் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டுக் கணக்கு. இனி நாட்டுக் கணக்கு.

நம்முடைய இடஒதுக்கீட்டு வரலாறே பின்னக் கணக்குதான். சென்னை மாகாணத்தில் 1927இல் வந்த வகுப்புவாரி ஆணையில் பன்னிரண்டு இடங்களில் ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு. பன்னிரண்டில் ஒன்று என்றால் எட்டே மூன்றிலொரு சதவீதம். அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, 1943இல் மத்திய அரசுப் பணிகளில் கிடைத்ததும் அதே எட்டே மூன்றிலொன்றுதான். 1946இல் அது பன்னிரண்டரை ஆனது, அதாவது எட்டில் ஒன்று. 1970இல் பதினைந்து ஆனது. தமிழ்நாட்டில் 1971இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இருவருக்கும் சேர்த்து 18. பின்னால் பழங்குடியினருக்குத் தனியே 1 பிரிந்தது. 2009இல் அந்தப் பதினெட்டுக்குள் அருந்ததியருக்கு 3 என்று உள்ஒதுக்கீடு வந்தது. பதினெட்டு மட்டும் பதினெட்டாகவே நிற்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. பட்டியல் சாதியினர் 1,44,38,445. வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு இருபது. "பதினெட்டுக்கும் இருபதுக்கும் ரெண்டு சதவீதம்தானே வித்தியாசம், இதுக்கா சண்டை?" என்று கேட்கிறார்கள். எதில் இரண்டு சதவீதம்? மொத்த இடத்தில் இரண்டு. நம்ம பங்கில்? இருபதில் இரண்டு போனால் பத்து சதவீதம். நம்மில் பத்துக் குடும்பத்துக்கு வர வேண்டியதில் ஒரு குடும்பத்துடையது வரவில்லை என்று பொருள். மேஸ்திரி பிடித்த அதே பத்து சதவீதம். ஒரு வித்தியாசம்தான். அவர் வெட்டு முடிந்ததும் திருப்பித் தருவதாகவாவது சொன்னார்.

சதவீதத்தை மாற்றாமலே பங்கைப் பிடுங்கலாம் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. இதை மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் நியமனத்துக்கு, பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக எடுத்துக்கொண்டு 200 இடச் சுழற்சிப் பட்டியல்படி இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் அலகு அல்ல, துறைதான் அலகு என்றது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அதன்படி சுற்றறிக்கை அனுப்பியது. பதினைந்து சதவீதம் பதினைந்தாகவே இருந்தது. ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. என்ன ஆனது பாருங்கள்.

பதினைந்து சதவீதத்தில் ஒரு முழு இடம் வருவதற்கு மொத்தம் எத்தனை இடம் வேண்டும்? இதுவும் நாம் போட்ட கணக்குதான். பங்கு தெரியும், சதவீதம் தெரியும், முழுசைக் கண்டுபிடி. நூறைப் பதினைந்தால் வகுத்தால் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே ஏழாவது இடம்தான் பட்டியல் சாதியினருக்கு. பழங்குடியினருக்கு ஏழரை சதவீதம். நூறை ஏழரையால் வகுத்தால் பதின்மூன்றே சொச்சம். ஆகவே பதினாலாவது இடம். பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம், நாலாவது இடம். சின்ன எண்ணிக்கைக்கு வைத்திருந்த சுழற்சிப் பட்டியலும் இப்படித்தான் இருந்தது.

இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் முப்பது துறை, துறைக்கு ஆறு ஆசிரியர் இடம் என்று வையுங்கள். மொத்தம் 180. பல்கலைக்கழகம் அலகு என்றால் 180இல் பதினைந்து சதவீதம், இருபத்தேழு இடம் நமக்கு. துறை அலகு என்றால்? ஆறு இடத்தில் ஏழாவது இடம் எங்கே வரும்? வராது. முப்பது துறையிலும் முதல் நியமனத்தில் நமக்கு ஒரு இடமும் இல்லை. இருபத்தேழு இடம் பூஜ்யம் ஆகிறது, சதவீதம் மட்டும் அப்படியே காகிதத்தில் இருக்கிறது. முழுசு எது என்பதை மட்டும்தான் மாற்றினார்கள்.

இதை எதிர்த்து மாணவர்களும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2019 மார்ச் 5 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. அதே மார்ச்சில் அவசரச் சட்டம் வந்தது. ஜூலையில் நாடாளுமன்றத்தில் சட்டமாகியது. பல்கலைக்கழகமே அலகு என்று ஆனது. வகுத்தல் கணக்கு புரிந்தவர்கள் அதைப் புரியாதவர்களுக்கு எடுத்துச் சொன்னதால்தான் அந்தப் போராட்டம் அவ்வளவு வேகமாகப் பரவியது என்று நான் நம்புகிறேன்.

கடைசியாக நிதி. 1979-80இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் என்று கொண்டுவந்தார்கள். அரசின் திட்டச் செலவில், மக்கள்தொகையில் நாம் எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் நம் மக்களின் மேம்பாட்டுக்குத் தனியே ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல ஏற்பாடு. எதில் சதவீதம் என்று தெளிவாக இருந்தது. திட்டச் செலவில். 2017-18 நிதிநிலை அறிக்கையிலிருந்து திட்டச் செலவு, திட்டமல்லாத செலவு என்ற பிரிவினையையே மத்திய அரசு எடுத்துவிட்டது. சதவீதம் போட வேண்டிய முழுசு காணாமல் போனது. இப்போது "பட்டியல் சாதியினர் நலனுக்கு இத்தனை கோடி" என்று ஒரு தொகையை வாசிக்கிறார்கள். கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். அத்தனை கோடியை நாம் எங்கே பார்த்தோம்?

மலைக்காதீர்கள். பங்கு வையுங்கள். இந்திய அளவில் 2011 கணக்கெடுப்பில் நாம் 16.6 சதவீதம். பயிற்சிக்காக ஓர் எண் எடுத்துக்கொள்வோம். ஓர் அரசு 16,600 கோடி ஒதுக்கினோம் என்கிறது. அது நம் முழுப் பங்கு என்றால் மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்? 16.6 பங்கு 16,600 கோடி, ஒரு பங்கு 1,000 கோடி, நூறு பங்கு ஒரு லட்சம் கோடி. இப்போது நிதிநிலை அறிக்கையைத் திறந்து பாருங்கள். பங்கு வைக்க வேண்டிய மொத்தம் இரண்டரை லட்சம் கோடி என்று இருந்தால், நமக்கு வந்தது 6.64 சதவீதம்தான். ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது, செலவானதில் எவ்வளவு நம்ம தெருவுக்கு வந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஒவ்வொரு படியிலும் "எதில்?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் 2013இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2024இல்தான் வந்தது. சட்டம் வந்துவிட்டது என்று கைதட்டிவிட்டுப் படுத்துவிடக் கூடாது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் நோட்டைத் திறக்கச் சொல்லலாம். உங்கள் ஒன்றியத்தில், உங்கள் ஊராட்சியில் கேளுங்கள். கேட்கும்போது "எங்களுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். "மொத்தம் எவ்வளவு, அதில் எங்களுக்கு எவ்வளவு" என்று இரண்டையும் கேளுங்கள். மொத்தம் தெரியாத பங்கு பங்கே இல்லை. அது கொடுக்கிறவன் மனசு.

முடிக்கிறேன். பத்தாம் வகுப்பில் அந்த ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு ரூபாய் கதையை, நானூறு ரூபாய் கதையை. அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தது. திட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அன்னைக்கே ஒரு மாதிரியா இருந்துச்சுடா. வெட்டுன கட்டுக்கும் வந்த காசுக்கும் ஒத்து வரல. ஆனா நீ படிச்ச புள்ள, நீயே சொல்லும்போது நான் எப்படி இல்லன்னு சொல்றது?" என்றது.

தோழர்களே, இது எனக்கு அடித்த அடி. எத்தனை கட்டு வெட்டினோம் என்று அம்மாவின் கைக்குத் தெரிந்திருந்தது. சுவரில் கரிக்கோடு போட்டவர்களுக்கும் தெரிந்திருந்தது. படித்தவன் சொல்கிறான் என்பதற்காக இருபத்து நான்கு பேர் தங்களுக்குத் தெரிந்ததை விழுங்கிக்கொண்டார்கள். நம்மில் படித்தவர்கள் பெருகிக்கொண்டிருக்கிறோம். அலுவலகத்திலும் கல்லூரியிலும் இருக்கிறோம். நம் மக்களுக்கு முன்னால் பேனாவைத் திறப்பதற்கு முன், அவர்கள் சுவரில் போட்டிருக்கிற கோட்டை எண்ணிப் பாருங்கள்.

மறுநாள் அம்மாவும் நானும் மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். தாளில் எழுதிக் காட்டினேன். தொண்ணூறு பங்கு, ஒரு பங்கு, நூறு பங்கு. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருசம் ஆச்சே தம்பி" என்றார். பணம் வரவில்லை. ஆனால் அடுத்த வெட்டுக்கு ஆள் கூப்பிட வந்தபோது, எங்க அம்மா மட்டும் இல்லை, தெருவே சேர்ந்து ஒரு பேச்சு சொன்னது. "பட்டுவாடா அன்னைக்கு நோட்டை நடுவுல வெச்சித் தொறந்து படிக்கணும். இல்லன்னா வண்டி ஏற மாட்டோம்."

நோட்டு நடுவில் வந்தது.

டீக்கடைக்குப் போன தோழர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. நல்லது. அவர்களுக்கு இந்தக் கணக்கைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்லிக் கொடுங்கள்.